வீடு தேடி வரட்டும் தோல் மருத்துவம்!

2025 மே மாதம் ஜெனீவாவில் நடைபெற்ற 78ஆவது உலக சுகாதாரப் பேரவை, தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதாரத்தின் முன்னுரிமைகளுள் ஒன்றாக ஏற்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. எந்த ஒரு நேரத்திலும் உலகில் ஏறத்தாழ 180 கோடிப் பேர் ஏதேனும் ஒரு தோல் நோயுடன் வாழ்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. தோல் நோய் பெரும்பாலும் உயிரைப் பறிப்பதில்லை. அதனாலேயே நிதிநிலை அறிக்கைகளிலும் நலத் திட்டங்களிலும் அதற்கு இடம் கிடைப்பது அரிதாக இருந்துவருகிறது.

இதற்கு முன்னரே, 2014இல், அதே பேரவை சொரியாசிஸ் நோய் குறித்துத் தனித் தீர்மானம் ஒன்றை இயற்றியது. நாள்பட்ட, தொற்றாத, வலி மிகுந்த, தோற்றத்தைச் சிதைக்கும், முற்றிலும் குணப்படுத்த இயலாத நோய் அது என்று அத்தீர்மானம் ஏற்றுக்கொண்டது. 2016இல் உலகளாவிய அறிக்கை ஒன்றும் வெளியானது. ஆண்டுதோறும் அக்டோபர் 29 உலக சொரியாசிஸ் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தீர்மானங்களுக்கும் நினைவு நாள்களுக்கும் குறைவில்லை. ஜெனீவாவில் எழுதப்பட்ட சொற்கள் கல்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றின் வாசற்படியை எப்போது, எந்த வடிவில் எட்டும் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் கள்ளக்குறிச்சிக் கல்லூரியும் ஒன்று. அதற்கு முன்பு, தீராத தோல் நோய் கண்டவர்கள் முண்டியம்பாக்கத்துக்கோ, சேலத்துக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ செல்ல வேண்டியிருந்தது. சமவெளியில் வாழ்பவர்களுக்கு அந்தத் தொலைவு இன்று குறைந்திருக்கிறது. மலையில் வாழ்பவர்களுக்கோ அடிவாரம் வரை வருவதே ஒரு பயணம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் நெடுங்காலம் இருந்த இம்மலை, 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. பிற பகுதிகள் விடுதலைக்குப் பின் பெற்ற சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் இங்கு ஒரு தலைமுறை தாமதமாகவே தொடங்கின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்ததைத் தொடர்ந்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்வாதாரம் குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சாலை, மருத்துவம், பள்ளி ஆகியவை அதன் பின்னரே மாநில அளவிலான விவாதமாயின. அந்த விவாதத்தில் தோல் நோய்க்கும் இடம் உண்டு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நோயின் இயல்பு

மனிதத் தோலின் மேலடுக்கு ஏறத்தாழ நான்கு வாரங்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. சொரியாசிஸ் உள்ளவர்களிடம் நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையின்றித் தூண்டப்படுவதால் அதே பணி சில நாள்களிலேயே நடந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகத் திரண்டு, தடித்த திட்டுகளாகவும் வெள்ளிநிறச் செதில்களாகவும் முழங்கை, முழங்கால், தலை, கீழ்முதுகு ஆகிய இடங்களில் தோன்றுகின்றன. மருத்துவ நூல்கள் சிவந்த திட்டு என்று எழுதினாலும், நம்மவர்களின் கருமை நிறத் தோலில் அது பெரும்பாலும் கருஞ்சாம்பலாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோதான் தெரியும். படங்களைப் பார்த்து நோயறியப் பழகிய கண்கள் இங்கே ஏமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். சித்த மருத்துவம் இதனைக் காளாஞ்சகப்படை என்கிறது. ஊர் வழக்கிலோ சொறி, படை, கரப்பான் என்ற பொதுப் பெயர்களுக்குள் இது மறைந்துவிடுகிறது.

இது தொற்றுநோய் அன்று. மரபுவழிச் சாய்வு உள்ளவர்களிடம் தொண்டைத் தொற்று, மன உளைச்சல், மது, புகை, குளிர்ந்த வறண்ட காற்று, சில மருந்துகள் ஆகியவை இதனைத் தூண்டுகின்றன. தோலில் காயம் பட்ட இடத்திலேயே புதிய திட்டு முளைப்பதும் உண்டு. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் கைகளுக்கும், முள் கீறும் கால்களுக்கும், விறகு சுமக்கும் தோள்களுக்கும் இதன் பொருள் என்ன என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களின் மலைக்குளிர் நோயைக் கடுமையாக்கும் என்பதும் எதிர்பார்க்கக் கூடியதே.

தோலோடு நின்றுவிடும் நோயும் அன்று இது. சொரியாசிஸ் உள்ளவர்களில் கணிசமானோருக்கு மூட்டு அழற்சி ஏற்படுகிறது. காலையில் விரல்கள் மடங்க மறுப்பதும், குதிகால் வலிப்பதும் அதன் தொடக்க அறிகுறிகள். கவனிக்காமல் விட்டால் மூட்டுகள் நிலையாகச் சிதைந்துவிடும். மண்வெட்டியைப் பிடிக்க முடியாத கை, கூலி பெற முடியாத கை. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவையும் இந்நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

இந்தியாவில் சொரியாசிஸ் உள்ளவர்களின் விகிதம் 0.44 முதல் 2.8 விழுக்காடு வரை இருக்கலாம் என்று மருத்துவ இதழ்களில் குறிப்பிடப்படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்ட எல்லைக்குள் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 13.7 லட்சம் பேர். அந்த விகிதங்களை இதன் மீது பொருத்திப் பார்த்தால், குறைந்தது 6,000 பேர், அதிக அளவாக 38,000 பேர் என்று வருகிறது. ஒரு மாவட்டத்தின் நோயாளர் எண்ணிக்கை ஆறு மடங்கு இடைவெளிக்குள் ஊசலாடுகிறது என்றால், நாம் அவர்களை எண்ணவே முற்படவில்லை என்பதுதான் பொருள். எண்ணப்படாத நோய்க்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை.

களிம்பின் பொருளியல்

தோல் நோய் கண்டவர் முதலில் செல்லும் இடம் மருத்துவமனை அன்று, மருந்துக் கடை. அங்கே கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு உண்டு. சிலவற்றில் ஸ்டீராய்டோடு பூஞ்சைக் கொல்லியும் நுண்ணுயிர்க் கொல்லியும் கலந்திருக்கும். தடவிய மூன்றாம் நாளே அரிப்பு அடங்குகிறது, திட்டு மங்குகிறது. நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாகத் திரும்புகிறது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரிகின்றன. படர்தாமரை உள்ளவர் தடவினால் பூஞ்சை மறைந்திருந்து உடல் முழுவதும் பரவுகிறது. கடந்த சில ஆண்டுகளாக நாடெங்கும் மருந்துக்குக் கட்டுப்படாத படர்தாமரை பெருகியதற்கு இத்தகைய கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரித்து வருகின்றனர். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. அந்த ஆணை சிற்றூர்க் கடைகளில் எவ்வளவு தூரம் நடைமுறையில் இருக்கிறது என்பதை வாசகர்களே அறிவார்கள்.

இதனை மக்களின் அறியாமை என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. பொருளியல் பயின்றவன் என்ற முறையில் அந்த விளக்கத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஒரு கணக்கைப் பார்ப்போம். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் வாழும் பெண் தொழிலாளி ஒருவருக்கு மிதமானது முதல் கடுமையானது வரையிலான சொரியாசிஸ் இருப்பதாகக் கொள்வோம். அவருக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரை தேவைப்படுகிறது. தொடங்கும் முன் ரத்தப் பரிசோதனை, தொடங்கிய பின் முதலில் சில வார இடைவெளிகளில், பிறகு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனை என்று முதல் ஆண்டில் ஏழு முறையாவது அவர் மருத்துவமனைக்கு வர வேண்டும். ஒவ்வொரு முறையும் அவருக்கும் துணைக்கு வருபவருக்கும் ஒரு நாள் ஊதியம் போகும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். அதையே அளவுகோலாகக் கொண்டால் ஒரு வருகைக்கு இருவரின் இழப்பு 672 ரூபாய். ஏழு வருகைக்கு 4,704 ரூபாய். பேருந்துக் கட்டணமும் வழிச் சாப்பாடும் தனி. மருத்துவரும் மருந்தும் இலவசம் என்பது உண்மைதான். ஆனால் அந்த இலவசத்தை அடைய ஒரு குடும்பம் 14 நாள் உழைப்பை விலையாகத் தர வேண்டியிருக்கிறது. எதிரே, சில பத்து ரூபாய்க்கு மூன்று நாளில் அரிப்பை அடக்கும் களிம்பு. தன் கையில் உள்ள காசையும் காலத்தையும் கணக்கிட்டுப் பார்க்கும் எவரும் அந்தக் களிம்பையே தேர்ந்தெடுப்பார். இந்தக் கணக்கை மாற்றாமல் விழிப்புணர்வுச் சுவரொட்டிகளை மட்டும் ஒட்டுவதால் பெரும்பயன் விளையாது.

பல்துறை மருத்துவர்கள் கூடும் ஒரு நாள் முகாம்களும் முழு விடையாக மாட்டா. கண்புரையைக் கண்டறிய ஒரு முகாம் போதும்; அறுவை சிகிச்சையோடு பெரும்பாலும் அந்தப் பணி நிறைவடைகிறது. சொரியாசிஸ் அடங்கும், மீண்டும் எழும், மீண்டும் அடங்கும். அதற்குத் தேவை தொடர்ச்சி. முகாமில் தரப்படும் 15 நாள் மருந்து முடிந்த பிறகு, 16ஆம் நாள் அந்த நோயாளி யாரிடம் செல்வார் என்பதற்கு விடை இருந்தாக வேண்டும்.

பழைய அச்சத்தின் நிழல்

தோல் நோயாளியின் செலவுகளில் எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாத ஒன்று அவமானம். முடிதிருத்தகத்தில் தயக்கம், பேருந்தில் விலகி அமரும் பக்கத்து இருக்கைக்காரர், தேநீர்க் கடையில் தனிக் குவளை, பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லாமல் திரும்பிச் செல்வது என அது பல வடிவங்களில் வருகிறது. இதன் வேர், தொழுநோய் குறித்த பழைய அச்சத்தில் இருக்கிறது. ஐரோப்பாவிலும் சொரியாசிஸும் தொழுநோயும் நூற்றாண்டுகளாக ஒன்றாகவே எண்ணப்பட்டன. 19ஆம் நூற்றாண்டில், வியன்னாவின் ஹெப்ரா போன்ற மருத்துவர்களின் பணிக்குப் பின்னரே இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது உறுதிப்பட்டது. மருத்துவம் பிரித்துவிட்டதை மக்கள் மனம் இன்னும் முழுமையாகப் பிரிக்கவில்லை.

சட்டமும் மிகத் தாமதமாகவே மாறியது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. திருமண முறிவுக்குத் தொழுநோயை ஒரு காரணமாக ஏற்றிருந்த தனிநபர் சட்டப் பிரிவுகள் 2019இல்தான் திருத்தப்பட்டன. குணப்படுத்தக் கூடிய நோய்க்கே அவ்வளவு காலம் ஆனது என்றால், சட்டத்தின் கண்ணில் எங்குமே படாத சொரியாசிஸ் நோயாளிகளுக்கு வீட்டுக்குள்ளும் ஊருக்குள்ளும் நேரும் ஒதுக்கலை யார் கேட்பது? மலையில் இயங்கும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் இதற்கு ஒரு கூடுதல் முகம் உண்டு. விடுதிகளில் சிரங்கு பரவுவது இயல்பு. சிரங்கு வந்த பிள்ளைக்கும் உடன் தங்கியிருப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் மருந்து தர வேண்டும். ஆனால் சொரியாசிஸ் உள்ள பிள்ளையையும் சிரங்கு என்று எண்ணித் தனியே படுக்க வைத்தால், அந்தப் பிள்ளை பள்ளியை விட்டு விலகுவதற்கான முதல் காரணம் அங்கே உருவாகிவிடுகிறது.

தொழுநோய் விட்டுச்சென்றது அச்சத்தை மட்டும் அன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1955இல் தொடங்கிய தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் காலத்தில் களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று ஒவ்வொருவரின் தோலையும் பார்த்தார்கள். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவிலூரிலேயே அரசின் தொழுநோய் சிகிச்சை, ஆய்வு மையம் செயல்பட்டது. மாத்திரையை மாதந்தோறும் கையில் கொடுத்து, உட்கொண்டதை உறுதிசெய்து, பதிவேட்டில் குறித்துக்கொண்டார்கள். 2005 இறுதியில், பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து தொழுநோயை இந்தியா அகற்றிவிட்டதாக அறிவிக்க முடிந்ததற்கு அந்த நடைப்பயணங்களே அடிப்படை. மக்களின் தோலை வாசலில் சென்று பார்க்கும் ஆற்றல் இந்த மண்ணின் பொதுச் சுகாதாரத் துறைக்குப் புதியதன்று.

வெட்பாலையும் மெத்தோட்ரெக்சேட்டும்

மருந்துக்கும் நமக்குத் தட்டுப்பாடு இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் வறண்ட இலையுதிர் காடுகளில் வளரும் வெட்பாலையின் இலைகளைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்தால், எண்ணெய் கருநீல ஊதா நிறம் பெறும். சித்த மருத்துவர்கள் காளாஞ்சகப்படைக்குப் பயன்படுத்தும் வெட்பாலைத் தைலம் இதுவே. மத்திய அரசின் சித்த ஆராய்ச்சி அமைப்பு இதனை ‘777 எண்ணெய்’ என்ற பெயரில் ஆராய்ந்து அறிமுகப்படுத்தியது. வெட்பாலை இலை ஒரு காலத்தில் நீலச் சாயத்துக்கும் பயன்பட்டது. அவுரிச் சாயத்தில் உள்ள இண்டிரூபின் என்னும் பொருள் வெட்பாலையிலும் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அவுரியைக் கொண்டு செய்த களிம்புகளைச் சொரியாசிஸுக்குத் தைவான் மருத்துவர்கள் சோதித்துப் பயன் கண்டிருக்கின்றனர். மிதமான நோய்க்கு, முறையாகத் தயாரித்த தைலத்தை அரசு சித்தப் பிரிவுகளின் வழியே வழங்குவதில் தடை ஏதும் இருக்கத் தேவையில்லை. ஆனால் பெயரும் உட்பொருளும் அச்சிடப்படாத பொட்டலங்களை நாட்டு மருந்து என்று நம்பி வாங்குவது ஆபத்து. அவற்றுள் ஸ்டீராய்டு கலந்திருந்து, திடீரென நிறுத்தியதும் உடல் முழுவதும் தோல் சிவந்து உரியும் நிலைக்கு நோயாளிகள் ஆளாவதுண்டு.

கடுமையான நோய்க்குப் பல பத்தாண்டுகளாக உதவிவரும் மெத்தோட்ரெக்சேட்டுக்கும் நம் மண்ணோடு ஓர் உறவு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவே அமினோப்டெரின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளை உருவாக்கியது. புற்றுநோய்க்காகத் தொடங்கிய அந்த ஆய்வு, 1951இல் எதிர்பாராத ஒரு பயனைத் தந்தது. மூட்டு நோய்க்காக அமினோப்டெரின் பெற்றவரின் சொரியாசிஸ் திட்டுகள் மறைவதை மருத்துவர் கப்னர் கண்டறிந்தார். இன்று மெத்தோட்ரெக்சேட் விலை மலிவான மாத்திரை. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது.

விலை மலிவு என்பதால் விளைவும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. இதனை வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகும். மது அருந்துபவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு கூடும். கருவுற்ற பெண்களும், கருத்தரிக்கும் எண்ணம் உடையவர்களும் இதனைத் தொடவே கூடாது. காசநோய் மறைந்திருக்கிறதா என்பதையும் தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் தேவை, நோயாளியின் குடும்பத்தை அறிந்து, மாதந்தோறும் சந்தித்து, தயங்காமல் கேட்கக் கூடிய ஒருவர். யார் கருவுற்றிருக்கிறார் என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியரைவிடத் தெளிவாக அறிந்தவர் யார்? எந்த வீட்டில் குடி இருக்கிறது என்பதைத் தெருவில் உள்ள தன்னார்வலரைவிட அறிந்தவர் யார்? தொலைவிலுள்ள தோல் மருத்துவரால் இந்தக் கண்காணிப்பைத் தனியாகச் செய்ய முடியாது.

மருந்துக்கு அப்பால், அன்றாடப் பராமரிப்பே பாதி மருத்துவம். வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் உலரும் முன் பெட்ரோலியம் ஜெல்லியோ தேங்காய் எண்ணெயோ தடவுவது, செதில்களைப் பிய்க்காமல் இருப்பது, நகங்களை வெட்டிவைப்பது, இளவெயிலில் அளவோடு நிற்பது, மதுவையும் புகையையும் விடுவது. நகரத்தில் இவை எளிய அறிவுரைகள். கோடையில் குடிநீரையே சுமந்து வர வேண்டிய சிற்றூரில், தேங்காய் எண்ணெய் விலை 2025இல் கடுமையாக உயர்ந்த பிறகு, இவை செலவுக் கணக்கில் சேர்பவை. ஒரு டப்பா பெட்ரோலியம் ஜெல்லியை ‘மருந்து’ என்று ஏற்றுக்கொண்டு இலவசமாக வழங்குவது அரசுக்குச் சிறு செலவு. பயனாளிக்கு அது மாதம் முழுவதும் கிடைக்கும் ஆறுதல்.

என்ன செய்யலாம்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளை மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வழியே வீட்டுக்கே கொண்டு சேர்க்கிறது. இயன்முறை மருத்துவமும் வலித் தணிப்புப் பராமரிப்பும் அதில் உண்டு. வாழ்நாள் முழுவதும் தொடரும் நோய்க்கு நோயாளியை அலையவிடக் கூடாது என்ற கொள்கையை இத்திட்டம் நிறுவியிருக்கிறது. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதையும் பெற்றது. அந்தக் கொள்கைக்குள் நாள்பட்ட தோல் நோயும் முழுமையாகப் பொருந்துகிறது. சொரியாசிஸ் உள்ளவருக்கு நீரிழிவும் ரத்த அழுத்தமும் வரும் வாய்ப்பு கூடுதல் என்று முன்னரே குறிப்பிட்டேன். ஒரே வீட்டுக்கு, ஒரே பணியாளர், ஒரே பையில் கொண்டு செல்ல வேண்டிய மருந்துகள் இவை.

முதலாவதாக, இந்தத் திட்டத்தின் பட்டியலில் சொரியாசிஸ், நாள்பட்ட கரப்பான் ஆகியவற்றைச் சேர்த்து, கல்வராயன் மலையை முன்னோடிப் பகுதியாகக் கொள்ளலாம். தன்னார்வலர்களுக்கும் செவிலியர்களுக்கும் கருமை நிறத் தோலின் படங்களைக் கொண்டு, சிரங்கு, படர்தாமரை, தொழுநோய், சொரியாசிஸ் ஆகிய நான்கையும் வேறுபடுத்தி அறியச் சில நாள் பயிற்சி தந்தால் போதும். நோயை உறுதிசெய்வது மருத்துவரின் பணி. ஐயம் கொள்வது மட்டுமே இவர்களின் பணி.

இரண்டாவதாக, கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியின் தோல் மருத்துவர் மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் வெள்ளிமலைக்கு வர வேண்டும். நாள் மாறக் கூடாது. மக்கள் வெளியே வரும் சந்தை நாளாக இருந்தால் இன்னும் நன்று. இடைப்பட்ட நாள்களில் செவிலியர் எடுக்கும் படங்களைத் தொலைமருத்துவம் வழியே மருத்துவர் பார்க்கலாம். அலைபேசிக் கோபுரம் எட்டாத ஊர்களில் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இணைப்பு கிடைக்கும் இடத்துக்கு வந்தபின் அனுப்பினாலும் போதும். தோல் மருத்துவம் அந்த அளவுக்குக் காத்திருக்கும்.

மூன்றாவதாக, ரத்தப் பரிசோதனைக்கான மாதிரியை மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்து, கீழே அனுப்ப வேண்டும். முன்னர் கணக்கிட்ட ஏழு வருகைகளில் ஐந்தை இவ்வாறு தவிர்த்தால், ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 3,360 ரூபாய் ஊதியம் மிச்சமாகும். மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒன்றாக, நாளின் பெயர் அச்சிட்ட உறையில் வழங்கினால் உயிர்போக்கும் தவறு ஒன்றையும் தடுக்கலாம். கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குச் செல்பவர்களுக்கு, நோய் நிலையாக இருக்கும்பட்சத்தில், திரும்பும் வரைக்கான மருந்தும், எந்த ஊர் மருத்துவரும் படித்தறியக் கூடிய சிகிச்சை அட்டையும் தரப்பட வேண்டும்.

நான்காவதாக, 2018ஆம் ஆண்டின் ஸ்டீராய்டு களிம்பு ஆணையை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அடிவாரக் கடைகளிலும் நடைமுறைப்படுத்த வேண்டும். ஆனால் வரிசை முக்கியம். மாற்று மருத்துவம் வாசலுக்கு வருவதற்கு முன்பே கடையை மட்டும் மூடினால், நோயாளி கையறு நிலைக்குத் தள்ளப்படுவார். கள்ளத்தனமான விற்பனையும் பெருகும்.

ஐந்தாவதாக, உறைவிடப் பள்ளிகளில் ஆண்டுக்கு இரு முறை தோல் பரிசோதனை நடத்தி, ‘இது தொற்றாது’ என்று ஆசிரியரும் விடுதிக் காப்பாளரும் பிற பிள்ளைகள் முன்னிலையில் சொல்லும் நிலையை உருவாக்க வேண்டும். ஒரு மருத்துவரின் சீட்டைவிட அந்த ஒரு வாக்கியம் சில பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பயன்படும்.

உயிர்காக்கும் மருத்துவத்துக்கே நிதி போதாதபோது தோலுக்கு ஏன் என்ற கேள்வி எழலாம். புதிய கட்டடமோ, விலை உயர்ந்த கருவியோ, புதிய பணியிடங்களோ இங்கே கோரப்படவில்லை. ஏற்கெனவே மலையேறும் செவிலியரின் பையில் மூன்று, நான்கு மருந்துகளையும், அவரது பதிவேட்டில் ஒரு பத்தியையும் சேர்ப்பதே கோரிக்கை. ஊசி வடிவில் வரும் புதிய உயிரியல் மருந்துகள் இன்னும் பெரும்பாலோருக்கு எட்டாத விலையில் உள்ளன. அவற்றைக் காப்பீட்டுத் திட்டங்கள் எவ்வாறு ஏற்பது என்பது தனியே விவாதிக்க வேண்டியது. அதற்காகக் கையில் உள்ள மலிவான மருந்துகளைக் கொண்டு சேர்க்கும் பணியைத் தள்ளிப்போடக் கூடாது.

1976இல் ஆட்சி நிர்வாகம் மலையேறியது. பள்ளியும் ரேஷன் கடையும் பின்தொடர்ந்தன. சர்க்கரை நோய்க்கான மாத்திரை கடந்த சில ஆண்டுகளில் ஏறியிருக்கிறது. அரை நூற்றாண்டு கடந்த நிலையில், ஒரு டப்பா களிம்பும் வாரம் ஒரு மாத்திரையும் ஏறுவதற்கு இன்னொரு தீர்மானம் தேவையில்லை. அடுத்த உலக சொரியாசிஸ் நாளுக்குள் கல்வராயன் மலையின் நோயாளிகள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையாவது மாவட்ட நிர்வாகம் வெளியிடுமானால், அதுவே நல்ல தொடக்கமாக அமையும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).